பொட்டு வைத்த பக்கங்கள்

"டீச்சர், திங்கக்கிழமைக்குள்ள எனக்கு இங்கிலீஷ் வந்தாகோணும்."

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னார் அம்மாசி. அன்று புதன்கிழமை.

சுகிர்தா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்கு வயது இருபத்தேழு. அவருக்கு நாற்பத்தொன்பது. திருப்பூரில் ஒரு பேன்சி ஸ்டோருக்கு மேலே, ஒற்றை அறையில், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் இங்கிலீஷ் சொல்லித் தருகிறவள் அவள்.

"உள்ள வாங்க அண்ணா. திங்கக்கிழமை என்ன?"

"புது டிரம் வருதுங்க."

அம்மாசி ஒரு சாயப்பட்டறையில் ஷிப்ட் இன்சார்ஜ். அவருக்குக் கீழே பதினொரு ஆட்கள். வெளிநாட்டிலிருந்து வரும் கெமிக்கல் டிரம் ஒவ்வொன்றிலும் ஒரு கார்டு ஒட்டியிருக்கும். எதோடு கலக்கலாம், எதோடு கலக்கக் கூடாது, மேலே பட்டால் என்ன செய்வது, எல்லாம் அதில்தான். தமிழில் ஒரு எழுத்து இருக்காது.

மூடியைத் திறக்கும் முன் இன்சார்ஜ் அதைப் படித்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். மேனேஜர் வந்து, "படிச்சாச்சா? புரிஞ்சுதா?" என்பார். இன்சார்ஜ் தலையாட்டுவார். மூடி திறக்கும்.

"போன மாசம் தலையாட்டிட்டேனுங்க" என்றார் அம்மாசி.

"படிக்காமலா?"

"மொத வரியிலயே ஒரு வார்த்தை தெரியல. அதுக்கப்புறம் எல்லாமே இருட்டு. பதினொரு பேரும் என் மூஞ்சியையே பாக்கறாங்க. தெரியாதுன்னு எப்படிங்க சொல்றது? ஆட்டிட்டேன்."

அம்மாசி குனிந்து ஒவ்வொரு செருப்பாகக் கழற்றினார்.

"சென்னியப்பன்னு ஒரு பையனுக்குக் கை வெந்துபோச்சுங்க. முழங்கை வரைக்கும். ஆஸ்பத்திரியில, 'கார்டுல இதைப் பத்திப் போடலியாண்ணா'ன்னு ஒரே ஒரு தடவை கேட்டான். அன்னிலேர்ந்து எனக்குச் சோறு இறங்கறதில்லீங்க."

சுகிர்தா மேஜைப் பக்கம் திரும்பினாள். ஒரு தாளை எடுத்து நீட்டினாள். பத்தே வரி.

"இது என்னங்க?"

"ஒரு கதை."

"டிரம் பத்தியா?"

"சாவி பத்தி."

அம்மாசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே ஒருத்தன் கை வெந்து கிடக்கிறான், இவள் சாவிக்கதை சொல்கிறாள்! ஆனாலும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வேறே போக்கிடம் ஏது?

*

வியாழக்கிழமை தாளைக் கொண்டுவந்தார். இங்கிலீஷ் எழுத்தே கண்ணுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் தலைமேலே பென்சிலால் தமிழ் அர்த்தம். நம் ஊரில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் இந்தப் பழக்கம் தெரியும்.

"மகளோட போன்ல தேடித்தேடி எழுதினேனுங்க. ஒண்ணு விடல."

"படிங்க."

பென்சில் எழுத்தைக் கடகடவென்று படித்து முடித்தார்.

"கதை என்ன அண்ணா?"

அம்மாசி விழித்தார். தாளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"தெரியலீங்க" என்றார்.

"திங்கக்கிழமை அந்தக் கார்டுல பென்சில்ல எழுத விடுவாங்களா?"

"அது வழவழன்னு பிளாஸ்டிக்குங்க. எழுத வராது."

சுகிர்தா கையை நீட்டினாள். அவர் பென்சிலைக் கொடுத்தார். அதை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினாள்.

"பென்சில் இல்லாம எனக்குக் கண்ணே தெரியாதுங்க டீச்சர்!"

அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கீழே போனாள். பேன்சி ஸ்டோரில் ஒரு பாக்கெட் ஸ்டிக்கர் பொட்டு வாங்கிவந்தாள். இன்னொரு தாளை எடுத்து, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அங்கங்கே சில வார்த்தைகளின் மேல் பொட்டை ஒட்டினாள். சிவப்புப் பொட்டு, நல்ல பெரிய சைஸ்.

"கஷ்டமானதையெல்லாம் மூடிட்டீங்களா?" என்று கேட்டார் அம்மாசி. குரலில் அப்படி ஒரு நிம்மதி.

"படிங்க" என்றாள்.

மெதுவாக ஆரம்பித்தார். மூடாத வார்த்தைதானே, இது எனக்குத் தெரிந்ததாகத்தான் இருக்கும் என்று ஒரு தைரியம். தட்டித் தடவிப் போனார். பொட்டு வந்த இடத்தில் ஒரு நொடி நின்று தாண்டினார்.

"ஒரு அம்மா வெளிய கிளம்புதுங்க. பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட குடை இரவல் கேக்குது. இந்தப் பொட்டுக்குள்ள ஏதோ பெரிய வார்த்தை இருக்குதுங்க, ஆனா மழை பத்தினதாத்தான் இருக்கோணும். வெயிலுக்கா இப்படி அடிச்சுப் பிடிச்சு ஓடுவாங்க?"

சொல்லிவிட்டுத் தானே சிரித்துவிட்டார். ஒரு மாதத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

கடைசி வரியில் நின்றார். ஒரு வார்த்தை. பொட்டு இல்லை, அர்த்தமும் தெரியவில்லை. காது சூடானது. விரலை அதன்மேல் வைத்தார்.

"இது மட்டும் தெரியலீங்க."

சுகிர்தா அர்த்தம் சொன்னாள். அவ்வளவுதான். திட்டவில்லை, உச்சுக் கொட்டவில்லை.

*

வெள்ளிக்கிழமை பொட்டு ஒட்டிய இன்னொரு கதை. சனிக்கிழமை ஒன்று. ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றைப் படித்து முடித்தார். படித்து முடித்த கையோடு தாளைத் தள்ளிவைத்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்க அண்ணா."

"கதையில பொட்டைத் தாண்டிப் போயிடலாமுங்க. அந்தம்மாவுக்குக் குடை கிடைச்சா என்ன, கிடைக்காட்டி என்ன? டிரம்முல ஒரு வார்த்தையைத் தாண்டினா ஒருத்தன் கை போயிடும். நாளைக்கு அங்க பொட்டு கிட்டெல்லாம் இருக்காது. கஷ்டமானதெல்லாம் அப்படியே முன்னால வந்து நிக்கும். அப்ப நான் என்ன பண்றது?"

அழுதுவிடுவார் போல இருந்தது.

சுகிர்தா நான்கு தாள்களையும் அவர் முன்னால் வரிசையாக வைத்தாள்.

"பொட்டை எடுங்க."

நகத்தால் கிள்ளி ஒன்றை எடுத்தார். அடியில், ரெயின்.

இன்னொன்றை எடுத்தார். மதர்.

வேகவேகமாக உரித்தார். டோர். ஹேண்ட். வாட்டர். கோ. கம்.

"என்ன டீச்சர் விளையாட்டு இது? இதெல்லாம் மூணாங்கிளாஸ் வார்த்தைங்க!"

"ஆமா."

"அப்ப கஷ்டமானதெல்லாம் எங்கீங்க?"

"நீங்கதான் படிச்சீங்க."

அம்மாசி குனிந்து தாளைப் பார்த்தார். நெய்பர், அம்ப்ரெல்லா, சடன்லி எல்லாம் மூடாமல் கிடந்தன. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்கெல்லாம் விரல் வெச்சீங்க?" என்று கேட்டாள்.

காட்டினார். நான்கு தாளிலும் சேர்த்து மூன்று இடம்.

"அன்னிக்கு வாசல்ல நின்னு என்ன சொன்னீங்க?"

"எல்லாமே இருட்டுன்னு."

சுகிர்தா எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்.

"டீச்சர், நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலியே?"

"போயிட்டு வாங்க அண்ணா" என்றாள்.

*

திங்கட்கிழமை காலை டிரம் இறங்கியது. நீல டிரம். வயிற்றில் கார்டு.

பதினொரு பேரும் சுற்றி நின்றார்கள். அவர்களுக்குள் சென்னியப்பனும் கையில் கட்டோடு ஓரமாக நின்றான். அம்மாசிக்கு முதுகுச் சட்டை ஈரமாகி ஒட்டிக்கொண்டது.

முதல் வரியைப் படித்தார். புரிந்தது. நம்பாமல் இன்னொரு தடவை படித்தார். அப்போதும் புரிந்தது.

"கேளுங்கப்பா" என்றார். "இதைத்தான் கொஞ்சங்கொஞ்சமாத் தண்ணியில விடோணும். தண்ணியைத் தூக்கி இதுல ஊத்தவே கூடாது. கண்ணாடி போடாம யாரும் கிட்ட வராதீங்க. மேல பட்டா துடைக்கப்படாது, பைப்பைத் திறந்து பதினஞ்சு நிமிஷம் கழுவோணும்."

ஆட்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். இப்படி ஒருத்தரும் அவர்களுக்கு இதுவரை சொன்னதில்லை.

ஆறாவது வரியில் ஒரு வார்த்தை வந்தது. எதையோ இதற்குப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது என்கிறது வரி. அந்த 'எதையோ' என்பதுதான் தெரியவில்லை. முன்னால் படித்தார், பின்னால் படித்தார். பிடிபடவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு மிச்ச இரண்டு வரியையும் படித்தார். அவை புரிந்தன. திரும்பவும் ஆறாவது வரிக்கே வந்து நின்றார்.

மேனேஜர் வேகமாக வந்தார்.

"என்ன அம்மாசி, படிச்சாச்சா? புரிஞ்சுதா? லேட்டாகுது."

கழுத்து தானாகவே ஆடப் பார்த்தது. இத்தனை வருஷத்துப் பழக்கம், சும்மா போகுமா? அம்மாசி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு கார்டின் மேல் விரலை வைத்தார்.

"சார், எட்டு வரியில ஏழு புரிஞ்சுதுங்க. ஆளுங்களுக்கும் சொல்லிட்டேன். இந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரியலீங்க."

"அதனால?"

"தெரியற வரைக்கும் மூடியைத் திறக்க விடமாட்டேனுங்க."

இன்றோடு வேலை போயிற்று என்றுதான் நினைத்தார். ஆனால் விரலை எடுக்கவில்லை.

மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. பதினொரு பேர் முன்னால் இப்படியா?

"இத்தனை வருஷ சர்வீஸ், இதுகூடத் தெரியாதா உனக்கு? தள்ளு."

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கார்டுக்கு நேராகக் குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை.

ஆட்கள் காத்திருந்தார்கள்.

வெகுநேரம் கழித்து மேனேஜர் நிமிர்ந்தார். யாருடைய முகத்தையும் பார்க்காமல் போனை எடுத்து நம்பரைப் போட்டார்.

"கெமிக்கல் கம்பெனிங்களா? ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேக்கணும்."

போனைக் காதில் வைத்தபடியே ஆட்கள் பக்கம் திரும்பினார்.

"அதுவரைக்கும் ஒருத்தரும் மூடியில கை வைக்காதீங்க."