பின்வாசலைக் கேட்ட கரிச்சான்

நொச்சிக்காட்டில் செவந்தி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். நாலு பேர் பார்த்தாலே தலையைக் குனிந்துகொள்வாள். பகலில் வளையை விட்டு வெளியே வரவே மாட்டாள்.

கோடை முழுக்க இலுப்பைப் பூ பொறுக்கி, காயவைத்து, வளை நிறையச் சேர்த்திருந்தாள். மழைக்காலம் நெருங்கியது. ஆறு பொங்கிவிட்டால் கரையில் கிழங்கு தோண்ட முடியாது. இரண்டு குட்டிகளும் பட்டினிதான். பூவைக் கொடுத்துக் கிழங்கு வாங்கிவிட்டால் மழைக்காலத்தைத் தள்ளிவிடலாம்.

அந்தக் காட்டில் விற்பவரும் வாங்குபவரும் நேரில் பார்த்துக்கொள்வது அபூர்வம். பார்த்துக்கொண்டால் ஒருவரை ஒருவர் தின்றுவிடும் ஆபத்து உண்டு. அதனால் எல்லாம் ஏலம்தான். இன்ன பொருள் விலைக்கு வந்திருக்கிறது என்று மைனாக்கள் கூவும். கேட்கிற விலையைக் கொண்டுவந்து சொல்லும். வாங்கியவர் விலையை மருதமரத்தின் அடிப்பொந்தில் வைக்க வேண்டும். அங்கே குடியிருக்கும் மரங்கொத்தி அதைப் பார்த்துவிட்டு மூன்று தட்டு தட்டுவார். தட்டுச் சத்தம் கேட்டால் விற்றவர் பொருளைக் கொடுத்துவிடுவார். தட்டை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

செவந்தியின் பூவுக்கு ஒரு குவியல் கிழங்கு தருவதாக வெள்ளையன் என்ற கரடி விலை கேட்டார். அவ்வளவுதான் முடியும் என்றும் சொல்லி அனுப்பினார். உடனே இன்னொரு குரல் இரண்டு குவியல் என்றது. கேட்டது மேற்குமலை யானைக்கூட்டத்துத் தலைவியாம். ஏலம் முடிந்தது.

மறுநாள் காலையில் வளை வாசலில் ஒரு கரிச்சான் வந்து உட்கார்ந்தான். இரட்டை வாலை ஆட்டிக்கொண்டு பேசினான்.

"அக்கா, நான் யானையம்மாவோட ஆளு. அவங்க கூட்டம் இன்னைக்கே வலசை கிளம்புது. பொந்து, தட்டுன்னு நின்னுக்கிட்டிருக்க நேரமில்லை. கிழங்கை நேரா உங்க வளைக்குள்ளேயே இறக்கிடச் சொல்லிட்டாங்க."

"வளைக்குள்ளயா? யானை எப்படி வரும்?"

"யானையா வரும்? குரங்குங்க சுமந்துட்டு வரும். முன்வாசல் குறுகலா இருக்கு. பின்வாசல் எங்கன்னு மட்டும் காட்டிடுங்க, போதும்."

செவந்தி யோசித்தாள். முள்ளம்பன்றி தன் பின்வாசலைப் பெற்ற தாய்க்குக்கூடக் காட்டமாட்டாள். ஆபத்து வந்தால் ஓடுவதற்கு அது ஒன்றுதான் வழி.

"கிழங்கு கொடுக்கப்போறது நீங்க. வாங்கப்போறது நான். வாங்குறவளுக்கு எதுக்குப் பின்வாசல் காட்டுற வேலை?"

"என்னக்கா இது, யானையையே நம்ப மாட்டீங்களா?"

"யானையை நம்புறேன், தம்பி. நீ சொல்ற வழியைத்தான் நம்பலை. எல்லாரையும் போலப் பொந்துல வைக்கச் சொல்லு."

கரிச்சான் முகத்தைச் சுளித்துக்கொண்டு பறந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து மருதமரப் பக்கமிருந்து டொக், டொக், டொக் என்று சத்தம் வந்தது. செவந்திக்கு உயிர் வந்தது. இரண்டு குவியல் கிழங்கு! பூவை வாசலுக்கு உருட்டத் தொடங்கினாள். பாதி உருட்டுவதற்குள் இரண்டு குரங்குகள் வந்து கையை நீட்டின.

"தட்டியாச்சு இல்லம்மா? எடு எடு. யானையம்மா காத்துக்கிட்டிருக்காங்க."

அவை கையை நீட்டிய வேகம் செவந்திக்குப் பிடிக்கவில்லை. பூவை மறுபடி உள்ளே இழுத்தாள்.

"இருங்க. நான் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

"பார்க்கப் போறியா? தட்டுனதுக்கு அப்புறம் போய்ப் பார்த்த முதல் ஆளு நீதான்" என்றது ஒரு குரங்கு. "பட்டப்பகல்ல உன்னால வெளிய நடக்க முடியுமா முதல்ல?" என்றது மற்றொன்று. இரண்டும் சிரித்தன.

"நடக்கப் பழகிக்கறேன்" என்றாள் செவந்தி. குட்டிகளைக் கூப்பிட்டாள். "ரெண்டு பேரும் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்காருங்க. யார் கூப்பிட்டாலும் திரும்பாதீங்க."

குட்டிகள் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு வாசலை அடைத்து உட்கார்ந்தன. குரங்குகள் இரண்டடி பின்னால் போயின.

செவந்தி வெயிலில் நடந்தாள். கண் கூசியது. மரத்துக்கு மரம் அணில்கள் எட்டிப் பார்த்தன. "ஏய், பகல்ல முள்ளம்பன்றி போகுது பாரு" என்று ஒரு கிளி கத்தியது. அவள் தலை தானாகக் குனிந்தது. கால் மட்டும் நிற்கவில்லை.

பொந்துக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். காய்ந்த இலை இரண்டு கிடந்தன. வேறொன்றும் இல்லை.

மரங்கொத்தி அப்போதுதான் கண்விழித்தார். "நானா தட்டினேன்? நான் நல்லா தூங்கிட்டிருந்தேனே" என்றார்.

அதற்குள் கரிச்சான் உச்சிக்கிளைக்கு வந்துவிட்டான். காடு முழுக்கக் கேட்கும்படி கத்தினான். "கேளுங்க, எல்லாரும் கேளுங்க! யானையம்மா வச்ச கிழங்கை இவ தின்னுட்டா. பூவையும் தரமாட்டேங்கிறா. இனிமே இவகிட்ட யாரும் ஏலம் எடுக்காதீங்க."

மைனாக்கள் கழுத்தை நீட்டின. அவை கூவிவிட்டால் செவந்தியின் பெயர் கெட்டது. அதன்பிறகு அவள் பூவைத் தொடுவதற்கு ஆள் இருக்காது.

 ஓடி வளைக்குள் புகுந்துகொள்ளலாமா என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அவள் மரத்தடியிலேயே நின்றாள். முள் ஒவ்வொன்றாக எழுந்தது. வாழ்நாளில் முதல்முறையாகத் தலையை நிமிர்த்திப் பேசினாள்.

"மைனாக்களே, கூவுறதுக்கு முன்னாடி கீழே பாருங்க. நேத்து பெய்ஞ்ச தூறல்ல மண்ணு சேறாக் கிடக்கு. என் காலடி இருக்கு. முயல் காலடி இருக்கு. ரெண்டு குவியல் கிழங்கை இங்க இறக்கினவங்க காலடி எங்கே? யானை வேண்டாம், குரங்கோட காலடி ஒண்ணாவது காட்டுங்க."

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். அப்படி ஒரு காலடியும் இல்லை.

"அப்ப தட்டினது யாரு?" என்று கேட்டது ஒரு மைனா.

மரங்கொத்தி மேலே பார்த்தார். "கரிச்சானுக்குப் பத்துப் பறவை குரல் வரும். என் தட்டும் வரும்போல. எங்கே தம்பி, இன்னொரு தடவை தட்டு, கேட்போம்."

கரிச்சான் இன்னொரு கிளைக்குத் தாவினான். "பெரிய இடத்துப் பகை உங்களுக்கு வேண்டாம். யானையம்மா கோபப்பட்டா இந்தக் காடே மிதிபடும்" என்றான்.

"மிதிக்கட்டும். அப்பவாவது அவங்க காலடியைப் பார்க்கலாம்" என்றாள் செவந்தி.

காடே சிரித்தது. கரிச்சான் மேற்கே பறந்தான். குரங்குகளும் போன இடம் தெரியவில்லை. அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று மைனாக்கள் அன்று முழுக்கக் கூவின.

சாயங்காலம் பாறைமேல் நின்று வெள்ளையன் குரல் கொடுத்தார். "தங்கச்சி, நான் கேட்டது ஒரு குவியல்தான். இப்பவும் அதுதான் இருக்கு."

"ஒரு குவியல் போதும் அண்ணே. பொந்துல வைங்க."

"நாலு வருஷமா பக்கத்துல இருக்கேன். என்னையுமா நம்ப மாட்டே?"

"உங்களையும்தான் அண்ணே."

வெள்ளையன் உறுமினார். பிறகு சிரித்துக்கொண்டே கிழங்கை வைத்தார். மரங்கொத்தி மூன்று தட்டு தட்டினார். அவர் தட்டுவதை மரத்தடியில் நின்று செவந்தி பார்த்தாள். பார்த்த பிறகும் பொந்துக்குள் தலையை விட்டு, ஒரு கிழங்கைக் கடித்து, நல்ல கிழங்குதான் என்று தெரிந்துகொண்டாள். அப்புறம்தான் பூ கைமாறியது.

விலை வந்துவிட்டது என்று யார் சொன்னாலும் தன் கண்ணால் பார்க்கும்வரை பொருளை விடாதவரும், விலை வாங்குவதற்காக வீட்டு வழியைத் திறந்து காட்டாதவரும் ஏமாற மாட்டார்கள்.