வெயிலாச்சியின் மாடும் மணியக்காரர் வேலியும்

நொச்சிக்கரை, நொச்சிக்கரை என்று ஓர் ஊர் இருந்ததாம். ஊருக்குக் கிழக்கே கம்பங்கொல்லை, மேற்கே மேய்ச்சல் காடு. அந்தக் காட்டில் வெயிலாச்சி என்று ஒருத்தி நூறு மாடு மேய்த்தாளாம். அறுப்பு முடிந்தால் கம்பு விதைக்கிற சம்சாரிகள் அவளைக் கெஞ்சிக் கூப்பிட்டு, மாட்டை ராத்திரி கொல்லையில் மடக்கிக் கிடை போடச் சொல்வார்களாம். சாணி விழுந்தால்தானே அடுத்த வெள்ளாமை!

ஒரு வருஷம், கதிர் பிடித்த நேரத்தில், இன்றைக்கு ஒரு கொல்லை, நாளைக்கு ஒரு கொல்லை, மறுநாள் இன்னொரு கொல்லை என்று மாடு மேய்ந்து கிடந்தது. சம்சாரிகள் தடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். "எம் மாடு இல்லய்யா!" என்றாள் வெயிலாச்சி. யார் கேட்கிறது? வழக்கு ராஜாவிடம் போனது.

ஊர் மணியக்காரர் முந்திக்கொண்டார். "மகாராஜா, மாடு நடக்கிறதாலதானே சண்டை? முள்வேலி போட்டு ஒரே இடத்துல அடைச்சிருவோம். மேய்ச்சல் காட்டை நான் உழுதுக்கிறேன்." ஆசையைப் பார்த்தீர்களா!

"சாமி, நின்ன இடத்துல எத்தனை நாளைக்குப் புல்லு இருக்கும்? மழை பேஞ்ச பக்கம் நடக்கிற சீவன் அது. சாணியெல்லாம் வேலிக்குள்ள குமிஞ்சா, இவுக கொல்லைக்கு யாரு போடுவா?" என்றாள் வெயிலாச்சி.

"மாடு மேய்க்கிறவ ராஜாவுக்குப் புத்தி சொல்ல வந்துட்டா!" என்று மணியக்காரர் சிரித்தார்.

ராஜா யோசித்து, "மூன்று நாள் அடைத்துப் பார்ப்போம். கம்பு தப்பித்தால் வேலி என்றைக்கும் இருக்கும்" என்றார்.

"சரி சாமி. ஆனா வேலி வாசல்ல உங்க சேவகர் நிக்கணும். கொல்லைக்குப் போற தடத்தை வேப்பங்குழையால கூட்டிவிடணும்" என்றாள்.

முதல் நாள் புல் தீர்ந்தது. இரண்டாம் நாள் மாடுகள் முள்ளைக் கடித்தன. மூன்றாம் நாள் தாய்க்குப் பால் வற்றி, செவலைக் கன்று எழுந்திருக்கவே மாட்டேன் என்று படுத்துவிட்டது. வெயிலாச்சி அழுதாள்.

அப்போது பார்த்து, "ஐயோ, எங்கொல்லை போச்சே!" என்று கருத்தப்பாண்டி என்கிற சம்சாரி கத்தினான்! ஊரே ஓடியது, ராஜா ஓடினார், வெயிலாச்சி எல்லாருக்கும் முன்னால் ஓடினாள். கூட்டிவிட்ட தடத்தில் புதுக் குளம்படி!

"பாருங்க, பாருங்க! லாடம்! மேய்ச்சல் மாட்டுக்கு எவனாவது லாடம் அடிப்பானா? இது வண்டி மாடு! ஊர்ல வண்டி யாருகிட்ட இருக்கு?" என்றாள் வெயிலாச்சி.

"மணியக்காரருகிட்டதான்!" என்றது கூட்டம்.

தடம் நேரே மணியக்காரர் தொழுவுக்குப் போனது. அங்கே அவருடைய இரண்டு காளைகள் வாயில் கம்பந்தாளோடு அசைபோட்டு நின்றன. காட்டைப் பிடிக்கத்தான் அவற்றைக் களவாக மேயவிட்டிருக்கிறார். இந்த மூன்று நாளும் கட்டித்தான் போட்டார். கதிர் தின்று பழகின காளைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டன!

"உம்ம வேலி நல்ல வேலி. உம்ம காளைகள் அதிலேயே இருக்கட்டும். நீரே புல் அறுத்துச் சுமந்து போடும்" என்றார் ராஜா.

மணியக்காரர் ஒரு கட்டுச் சுமந்தார், இரண்டு கட்டுச் சுமந்தார், மூன்றாம் கட்டில் இடுப்பு பிடித்துக்கொண்டது. "தாயி வெயிலாச்சி, எங் காளைகளையும் மேய்ச்சலுக்குக் கூட்டிட்டுப் போம்மா!"

"கூட்டிட்டுப் போறேன் மணியக்காரரே. முதல்ல லாடத்தைக் கழட்டும்!"

மாடு காட்டுக்குப் போச்சு, கன்று மடிக்குப் போச்சு, நம்ம கதை கிடைக்குப் போச்சு.