காசிக்கு யாரு?

"அக்கா, காசிக்கு யாரக் கூட்டிட்டுப் போறீங்க?"

"ஒருத்தரத்தான்."

"அந்த ஒருத்தர் யாருன்னுதான் கேக்குறேன்."

அக்கா கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தாங்க.

திருவண்ணாமலைல எங்க மடத்துல குருவுக்குப் பேரே அக்காதான். பாலிடெக்னிக்க பாதியில விட்டுட்டு நான் இங்க வந்து மூணு வருஷம். டென்மார்க்லேர்ந்து யென்ஸ் வந்து மூணு மாசம். அம்பது வயசு ஆளு, என்னைய அண்ணாங்குறான்.

கீரை ஆயுறப்ப அக்கா அவனத்தான் கேப்பாங்க.

"யென்ஸ், இன்னிக்கு என்ன பாத்தீங்க?"

அவனுக்கு 'ங்க'. எனக்கு 'டா'.

"பஸ் டிரைவர் ஸ்டியரிங்க தொட்டுக் கும்பிட்டாரு அக்கா. அப்புறம்தான் வண்டிய எடுத்தாரு."

"அந்த பஸ்ஸுல பிரேக் பிடிக்காது. நானா இருந்தாலும் கும்பிடுவேன்"னேன்.

"டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சாங்க."

"ஜூஸாவது போட்டிருக்கலாம்."

"பூக்கார அம்மா முதல் போணி காச கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. எல்லா இடத்துலயும் சாமி இருக்கு அக்கா!"

அக்கா சிரிச்சாங்க. நான் இவ்ளோ ஜோக் அடிச்சேன், அதுக்கு சிரிக்கல. அவனுக்குச் சிரிச்சாங்க.

படக்குன்னு எந்திரிச்சேன்.

"போதும் அக்கா! நான் பொறந்ததுலேர்ந்து பாக்குறத இவன் இப்ப வந்து கண்டுபிடிச்சிட்டானாம். கூடம் பெருக்க நான், காசிக்கு இவனா? கூட்டிட்டுப் போங்க. கங்கையில முக்கி..."

எந்திரிச்ச வேகத்துல என் கால் யென்ஸ் முட்டியில பட்டுச்சு.

"...முக்கி எடுத்து அங்கயே விட்டுட்டு வாங்க!"

யென்ஸ் என் கையவே பாத்துக்கிட்டு இருந்தான்.

"அண்ணா, இப்ப என்ன பண்ணீங்க?"

"திட்டினேன்."

"அது இல்ல. நடுவுல. என் முட்டியத் தொட்டு கண்ணுல ஒத்திக்கிட்டீங்க."

"கால் பட்டுச்சுல்ல? அதுக்கென்ன?"

"திட்டிக்கிட்டே பண்ணீங்க. உங்களுக்கே தெரியல." அவன் தன் கையத் திருப்பிப் பாத்தான். "நானும் தினம் பழகுறேன். எனக்கு முதல்ல யோசனை வருது, அப்புறம்தான் கை போகுது. உங்களப் பாத்தா பொறாமையா இருக்கு அண்ணா."

எனக்கு உச்சி குளுந்துபோச்சு. அக்காவப் பாத்தேன். காசி எனக்குத்தான்!

அக்கா கீரைக்கட்ட கீழ வச்சாங்க.

"டேய் தணிகா. அவருக்கு இன்னொரு தடவ செஞ்சு காட்டு."

அவ்ளோதானே? கால நீட்டினேன். பட்டுச்சு.

யென்ஸ் கண்ண இமைக்காம பாத்தான். அக்காவும் பாத்தாங்க.

குனியணுமா, முதல்ல எந்தக் கை, ஒரு தடவயா ரெண்டு தடவயா...

கை அப்படியே நின்னுச்சு.

"சரிதான்"னாங்க அக்கா. "இப்ப ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி. நான் தனியாவே போயிட்டு வரேன்."