மதியத்துக்குள் இஞ்சி பீர்

மலைமேல் ஒரு சின்ன ஆசிரமம். அதை நடத்தும் இன்னாசி சாமிக்கு நாற்பது வயது. அவருடைய சீடர் சவரிமுத்துவுக்கு அறுபத்திரண்டு.

அன்று காலை ஜெபம் முடிந்ததும் சவரிமுத்து அடுக்களைக்கு ஓடி வந்தார்.

"சாமி, என் மகன் அமலன் வர்றானாம். எட்டு வருஷம் கழிச்சு! பன்னிரண்டு மணிக்கு வந்து, நாலு மணி பஸ்ஸுக்குத் திரும்பிடுவானாம்."

"சந்தோஷம் ஐயா."

"அவனுக்கு இஞ்சி பீர்னா உயிர். நேத்துதான் இஞ்சிச் சாறும் சர்க்கரையும் கலந்து பீப்பாயில் ஊத்தினோம். மதியத்துக்குள்ளே அதில் சோடா மாதிரி கேஸ் ஏறணும். வழி சொல்லுங்க."

"ஒரு வாரம் குளிரில் வைக்கிறதுதான் வழக்கம்."

"ஒரு வாரத்துக்கு நான் எங்கே போவேன்?"

சாமி சோடா கேஸ் சிலிண்டரின் குழாயைப் பீப்பாயில் மாட்டி, கேஸை முழுசாகத் திறந்துவிட்டார்.

"குலுக்குங்க."

சவரிமுத்து பீப்பாயை மடியில் சாய்த்துக் குலுக்கினார். உள்ளே கேஸ் கொறகொறவென்று இறங்கியது. அவர் உதடு எதையோ முணுமுணுத்தது.

"ஜெபமா ஐயா?"

"இல்லை சாமி. அவனை வீட்டைவிட்டுப் போகச் சொன்னேனே, அது ஏன்னு நாலு மணிக்குள்ளே விளக்கணும். மன்னிப்பும் கேட்டுடணும். வரிசையாச் சொல்லிப் பார்க்கிறேன்."

சாமி ஒரு டம்ளரை நீட்டினார்.

பீப்பாயின் திருகைத் திறந்ததும் நுரை சீறியது. டம்ளர், வேட்டி, தரை, சாமியின் தாடி, எல்லாம் நுரை. அடங்கியபோது டம்ளரில் இரண்டு விரல் அளவுதான் இருந்தது. சவரிமுத்து குடித்துப் பார்த்தார்.

"வெறும் சர்க்கரைத் தண்ணி! கேஸ் உள்ளே போனதை என் காதால கேட்டேனே?"

"போச்சு. தங்கலை."

"ஏன்?"

"தொட்டுப் பாருங்க."

ராத்திரி முழுக்க அடுப்போரம் இருந்த பீப்பாய் வெதுவெதுவென்று இருந்தது.

"சூட்டில் நிக்காது ஐயா."

சாமி அண்டாவில் ஐஸ் கொட்டி அதில் பீப்பாயை இறக்கினார். கேஸைக் குறைத்து வைத்தார்.

"இனி குலுக்கட்டுமா?"

"வேண்டாம்."

"கொஞ்சமா?"

"கையை எடுங்க ஐயா."

"எப்போ ஆகும்?"

"இவ்வளவு ஐஸ் இருக்கிறதால, நாளைக்கு."

சவரிமுத்து குழம்பிப்போய் உட்கார்ந்தார். "அப்புறம் எதுக்கு என்னைக் குலுக்கச் சொன்னீங்க?"

"நீங்கதானே அவசரம்னீங்க."

பன்னிரண்டு மணிக்கு அமலன் வாசலில் வந்து நின்றான். நெற்றியோரம் நரைத்திருந்தது. தோளில் இருந்த பையை அவன் இறக்கவில்லை.

சவரிமுத்து எழுந்தார். மகனிடம் போகாமல் சாமி பக்கம் திரும்பிக் கிசுகிசுத்தார்.

"சாமி, பீரும் ஆகலை, பேச்சும் வரலை. நாலு மணிக்குள்ளே நான் அவனுக்கு என்னதான் கொடுக்கிறது?"

"இது நாளைக்குத்தான் ஆகும்னு உண்மையைச் சொல்லுங்க," என்றார் சாமி. "இருந்து குடிச்சிட்டுப் போறியான்னு கேளுங்க."