முதல் வடி முனிக்கு

ஒரு ஊர்ல ஒரு முந்திரிக்காடு இருந்துச்சு. அன்னிக்கு அந்தக் காட்டுல யாரு யாரு இருந்தாங்கன்னு முதல்ல சொல்லிடறேன், பாதியில எழுந்து உக்காந்து கேக்கக் கூடாது. அடுப்புக்கிட்ட செம்பாயி, ஒண்ணு. விறகு தள்ளிக்கிட்டு அவ புருஷன் கொளஞ்சி, ரெண்டு. ஒரு வேலையும் செய்யாம பூசாரி வீரமுத்து, மூணு. பழச்சக்கை தின்ன வந்த ஆடு, நாலு. காட்டு எல்லையில காவலுக்கு முனி ஒருத்தரு, சிலையா, கையில அருவாளோட உக்காந்திருந்தாரு. அவரை யாரும் எண்ணல. வம்பு அங்கதான் ஆரம்பிச்சுது. ம் சொல்லு.

ம்.

அப்போ சித்திரை மாசம். முந்திரிப்பழம் மஞ்சளும் சிவப்புமா பொத்து பொத்துன்னு விழும். பறிக்கக் கூடாது, தானா விழுந்ததைத்தான் பொறுக்கணும். கொட்டையைத் திருகி எடுத்துட்டு, பழத்தை மிதிச்சு, சாறைப் பானையில ஊத்தி, கழுத்து வரைக்கும் மண்ணுல புதைச்சிடுவாங்க. அது உள்ள கிடந்து புஸ் புஸ்ஸுன்னு மூச்சு விடும். மூச்சு அடங்கினதும் அடுப்புல ஏத்தி, மேல ஒரு பானையைக் கவுத்து, இடுக்குல களிமண் பூசி, மூங்கில் குழாய் சொருகி, குழாய்க்கு ஈரத்துணி சுத்தினா, சொட்டு... சொட்டு... அதுதான் முந்திரிப்பழச் சாராயம். அந்த ஊர்ல கல்யாணம்னா அது வேணும். சாவுன்னாலும் வேணும். பிள்ளை பெத்தவளுக்கு இடுப்புல தேய்ப்பாங்க, கிழவனுக்கு முட்டியில தேய்ப்பாங்க. முட்டிக்குன்னு எடுத்தது பாதி வழியிலயே வாய்க்குள்ள போயிடும், அது வேற.

அப்புறம் கேளு. பானையில இருந்து மூணு வடி வரும். முதல் வடி ஒரு சொம்பு, நடு வடி ஒன்பது சொம்பு, கடை வடி ரெண்டு சொம்பு. முதல் வடியை மனுஷன் தொடவே மாட்டான். அது முனி பங்கு, குடிச்சா கண்ணு போயிடும்னு பெரியவங்க சொல்லி வெச்சிருந்தாங்க. சாமிக்குப் படைக்கிறதை முன்னாடி ருசி பாக்கவும் கூடாதுல்ல. அதனால அது எப்படி இருக்கும்னு அந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. முனிக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் செம்பாயி மகளுக்குக் கல்யாணம். அந்த ஊர் வழக்கப்படி, ரெண்டு வீட்டுப் பெரியவங்களும், ஆம்பளை பொம்பளை எல்லாரும், ஆளுக்கு ஒரு கொட்டாங்கச்சி குடிச்சாத்தான் தாலி ஏறும். பிள்ளைங்களுக்குக் கிடையாது, நீ ஆசைப்படாதே. மாப்பிள்ளை வீட்டுல நாப்பத்தியொரு பேரு. பொண்ணு வீட்டுல நாப்பத்திமூணு. சொம்புக்குப் பத்துக் கொட்டாங்கச்சி, ஒன்பது சொம்புக்குத் தொண்ணூறு. சரியா இருக்கும்னு செம்பாயி வரிசையா வெச்சு மூடியிருந்தா.

உச்சி வெயில்ல பூசாரி முதல் வடியை எடுத்துக்கிட்டுப் போயி, டணடணன்னு மணி அடிச்சு, முனி முன்னாடி ஊத்தினாரு.

தூ!

துப்பினது யாருன்னு பூசாரி ஆட்டைப் பாத்தாரு. ஆடு பூசாரியைப் பாத்துச்சு. அப்போ தொம்... தொம்... தொம்முனு முனி எழுந்து நடந்து வந்து, அடுப்புக்கு முன்னாடி சம்மணம் போட்டு உக்காந்தாரு.

"என் முழி ஏன் பிதுங்கியிருக்குன்னு உங்க ஊர்ல எவனாச்சும் கேட்டானா?" அப்படின்னாரு.

கோவத்துல பிதுங்கியிருக்குன்னு நினைச்சோம் சாமின்னு பூசாரி சொன்னாரு.

"கோவமுமில்ல, ஒண்ணுமில்ல. நீங்க ஊத்துற கருமத்தைக் குடிச்சுக் குடிச்சுத்தான். குடிச்சுட்டு நீங்க சிரிக்கிறீங்க, பாடுறீங்க, மச்சானைக் கட்டிப் பிடிச்சு அழுவுறீங்க. எனக்கு மட்டும் நாக்கு வெந்து தொங்குது. நீங்க குடிக்கிறது எனக்கு வேணும். மூணு தரம் பாப்பேன். இல்லேன்னா பானை, சொம்பு, எல்லாம் ஒரே வெட்டு."

செம்பாயி சொம்பு வரிசையைத் திரும்பிப் பாத்தா. சொம்பு உடைஞ்சா மகளுக்குத் தாலி ஏறாது. கொடுக்கலாம்னா, ஒரு கிடாவை ஒரே வாயில முழுங்குற முனி, ஒன்பது சொம்பையும் குடிச்சுட்டா? தூங்கிட்டியா?

ம்... இல்ல.

முதல்ல பூசாரி போனாரு. மிச்சம் இருந்த முதல் வடியிலயே வெல்லத்தைக் கரைச்சு, பக்தியா நீட்டினாரு. முனி ஒரு வாய் வெச்சாரு. தூ! துப்பின இடத்துல புல்லு பொசுங்கிப் போச்சு.

அப்புறம் கொளஞ்சி போனான். கடை வடியை ஊத்திக் கொடுத்தான். முனி குடிச்சாரு, கொப்பளிச்சாரு, வெளியே விட்டாரு. பானை கழுவின தண்ணியை எனக்கு ஏன்டா கொடுக்கிறன்னு கேட்டு அருவாளைத் தூக்கினாரு. கொளஞ்சி ஆட்டுக்குப் பின்னாடி போயி நின்னுக்கிட்டான்.

அப்போ செம்பாயி எழுந்தா. நடு வடிச் சொம்பைத் திறந்து, ஒரு கொட்டாங்கச்சி ஊத்தினா. ஊத்திட்டு, முனி முன்னாடியே, மடக்குனு பாதியைத் தான் குடிச்சுட்டா. மிச்சத்தை நீட்டினா.

சாமிக்கு எச்சிலைக் கொடுக்கிறாளேன்னு பூசாரி தொப்புனு விழுந்துட்டாரு.

"வீட்டுக்கு வந்த ஆளுக்கு நாங்க குடிச்சுப் பாத்துத்தான் கொடுப்போம் சாமி," அப்படின்னா. "உங்களுக்குத்தான் ஒரு நாளும் அப்படிக் கொடுக்கல. தப்பு எங்களோடது."

முனி வாங்கினாரு. மடக்.

முனியோட முழி மெதுவா உள்ள போச்சு. தொங்கின நாக்கு உள்ள போச்சு. முள்ளு மாதிரி நின்ன மீசை படிஞ்சுது. அப்புறம் முனி சிரிச்சாரு. ஒரு பாட்டும் பாடினாரு. என்ன பாட்டுன்னு உன்கிட்ட சொல்ல முடியாது.

இன்னொண்ணு ஊத்துன்னாரு.

செம்பாயி சொம்பு மேல கையை வெச்சு மூடினா. "இது நாளைக்கு என் மக கல்யாணத்துக்கு."

"என்னை யாரு கூப்பிட்டா?"

அவளுக்குச் சுருக்குனு இருந்துச்சு. ஊரையே எண்ணினவ, எல்லையில இருந்தவரை எண்ணலையே. பொண்ணு வீட்டு ஆளா வந்து உக்காருங்க, ஆனா சாமியா இருந்தாலும் ஆளுக்கு ஒண்ணுதான்னு சொன்னா. முனி யோசிச்சாரு. அருவாளை இடுப்புல சொருகிக்கிட்டு, தொம் தொம்முனு திரும்பிப் போனாரு.

மறுநாள் வேட்டி கட்டிக்கிட்டு வந்துட்டாரு. மாப்பிள்ளையோட பெரியப்பா பக்கத்துல உக்காந்தாரு. எந்த ஊருன்னு பெரியப்பா கேட்டாரு. இங்கதான், எல்லையிலன்னு முனி சொன்னாரு. அந்தப் பக்கம் திருட்டு அதிகமாமேன்னு அவரு சொல்ல, முனி மூஞ்சி கொஞ்சம் சுருங்கிப் போச்சு. அப்புறம் ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு அழுதாங்க. குடிச்சு முடிச்சதும் முனி கொட்டாங்கச்சியை மறுபடி நீட்டினாரு. செம்பாயி பாத்தா. மீசையை முறுக்கத்தான் கையைத் தூக்கின மாதிரி முறுக்கிக்கிட்டாரு. தாலி ஏறிடுச்சு.

சாயங்காலம் செம்பாயி கணக்குப் பாத்தா. தொண்ணூறுல காட்டுல போனது ஒண்ணு. கல்யாணத்துல எம்பத்திநாலு பேரு, முனியோட எம்பத்தியஞ்சு. மிச்சம் நாலு. நாலையும் கூடையைப் போட்டு மூடினா.

காலையில முனிக்கிட்ட போனா, சிலையா உக்காந்திருக்காரு. முழி பிதுங்கல. கண்ணு பாதி மூடியிருக்கு. மீசை ஈரம். காலடியில ஒரு கொட்டாங்கச்சி கவுந்து கிடக்கு. பூசாரி ஓடி வந்து யாரு வேலை இதுன்னு கேட்டாரு.

ஆடா இருக்கும்னு சொல்லிட்டு செம்பாயி வீட்டுக்குப் போயிட்டா.

அன்னியில இருந்து அந்த ஊர்ல முதல் வடி அருவாள் துரு தேய்க்கத்தான். பானையைக் கவுத்தாச்சு, அடுப்பும் அணைஞ்சாச்சு, நீயும் முனி மாதிரி கண்ணை மூடு. கூடைக்குள்ள மிச்சம் மூணு.