தூணை இடித்த மந்திரி

வேங்கைநாடு என்று ஒரு நாடு. வெகு காலத்துக்கு முன் அதைத் தடமார்பன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நெய் மிதக்காத பண்டத்தை அவர் நாக்கில் வைத்ததில்லை. சபை கலைந்து அவர் எழுந்தால் சிம்மாசனமும் கூடவே எழும். அதைப் பிடித்து இழுக்கவே நான்கு சேவகர்கள் இருந்தார்கள்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். ஏரித் திருவிழாவில் ராஜா எல்லைக் கல்லைத் தோளுக்குத் தூக்க வேண்டும். தவறினால் ஏரித் தண்ணீரில் முதல் உரிமை பக்கத்து நாட்டுக்குப் போய்விடும். ஒரு வருஷம் ராஜா குனிந்தார், நிமிரவே இல்லை. கல்லோடு சேர்த்து அவரையும் தூக்கித்தான் கொண்டுவந்தார்கள். வேங்கைநாட்டு வயல்கள் காய்ந்தன.

"அடுத்த திருவிழாவுக்குள் என் உடம்பைக் குறைப்பவர் யார்?" என்று கேட்டார் ராஜா.

மந்திரி அறவாழி வாய் திறப்பதற்குள், அவர்மேல் பொறாமை கொண்ட சபைப் பண்டிதர் குணசாகரர் முந்திக்கொண்டார். "நான் குறைக்கிறேன், மகாராஜா! இனி உங்களுக்குச் சாப்பாடு கிடையாது. கஞ்சித் தண்ணீரும் படுக்கையும்தான்!"

எடை மளமளவென்று இறங்கியது. பண்டிதர் ராஜாவைத் தராசில் நிறுத்தி முரசு கொட்டினார். ஆனால் ராஜாவின் கைகால்கள் முருங்கைக்காய் போலாகிவிட்டன; தொப்பை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. கொட்டாவி விட்டால்கூட ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மறுநாள் சபையில் டொக், டொக் என்று சத்தம். பார்த்தால், மந்திரி உளியால் தூணைச் செதுக்கிக்கொண்டிருந்தார். மேலேயிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து ராஜாவின் மீசை வெளுத்தது.

"மந்திரியாரே, பைத்தியமா உமக்கு?"

"அரண்மனை கனத்துப்போச்சு, மகாராஜா. எடையைக் குறைக்கிறேன்."

"மடையரே!" என்று கத்தினார் பண்டிதர். "பரணில் மலைபோல் குப்பை கிடக்கிறதே, அதை இறக்காமல் தூணையா இடிப்பது? கட்டடம் என்னாகும்?"

மந்திரி உளியைக் கீழே வைத்தார். "நன்றாகச் சொன்னீர்கள், பண்டிதரே. அப்படியானால் ராஜாவின் கொழுப்பைப் பரணில் விட்டுவிட்டுத் தசையை மட்டும் ஏன் இடித்தீர்கள்?"

ராஜா தன் கையைப் பார்த்தார். தொப்பையைப் பார்த்தார். "அடப்பாவி! என் தூணைத் தின்றுவிட்டாயே!" என்று பண்டிதரைப் பார்த்து அலறினார்.

அன்றிலிருந்து மந்திரி சொன்னபடிதான் எல்லாம். நெய்ப் பலகாரம் நின்றது. பயறு, மீன், முட்டை, மோர், கீரையோடு சோறு அளவாக வந்தது. காலையில் நடை, மாலையில் கர்லாக்கட்டை, ராத்திரி நல்ல தூக்கம். முதல் கர்லாக்கட்டை கை நழுவிக் கொலுமண்டபக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. "அவசரம் வேண்டாம், மகாராஜா. சின்னதிலிருந்து ஆரம்பிப்போம்" என்றார் மந்திரி.

மெல்ல மெல்லத் தொப்பை கரைந்தது. தோள் திரண்டது.

திருவிழா வந்தது. ராஜா மூச்சை இழுத்தார், கல் தோளேறியது. ஜனங்கள் கும்மாளமிட்டபடி மதகைத் திறக்க ஓடினார்கள். பண்டிதரை அழைத்து, "இனி நீரும் என்னோடு தினம் கர்லாக்கட்டை சுழற்றும்" என்று உத்தரவிட்டார் ராஜா. பண்டிதர் தலை குனிந்தார்.

பிறகு ராஜா ஆனந்தத்தில் மந்திரியைக் கட்டிக்கொண்டார். "கேளும்! பாதி ராஜ்ஜியம் வேண்டுமா?"

கண் பிதுங்க மந்திரி முனகினார்: "ராஜ்ஜியம் வேண்டாம் மகாராஜா… கையை எடுங்கள், விலா எலும்பு நொறுங்குது!"