மாராத்தாள் கட்டிய அரளி மாலை

வேலங்காட்டுப்பாளையத்து அரசு உயர்நிலைப்பள்ளியில் கழிப்பறை கழுவும் வேலை மாராத்தாள் அம்மையாருக்கு. விடியுமுன் குளித்து, ஊர்க்கோடியில் இருக்கும் கரியகாளியம்மனை வெளிவாசலில் நின்றபடியே கும்பிட்டுவிட்டு, வாளியும் துடைப்பமுமாகப் பள்ளிக்குள் நுழைவார். பினாயில் நெடிக்கு நடுவிலும் அவர் வாய் "ஆத்தா, ஆத்தா" என்று முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். கணவரை இழந்தவர், பிள்ளைப்பேறும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளையே தம் பிள்ளைகளாக எண்ணி வாழ்ந்தார்.

வெள்ளிக்கிழமைதோறும் அம்மனுக்குச் செவ்வரளி மாலை கட்டித் தருவது அவர் தொண்டு. பத்தாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை பூ. ஒவ்வொரு பூவுக்கும் ஒரு பிள்ளையின் பேரைச் சொல்லித்தான் முடிச்சுப் போடுவார். மாலை முழ நீளம்கூட வராது. "இது மாலையா கொலுசா?" என்று ஊரார் கேலி செய்வார்கள். அம்மையார் சிரித்துக்கொள்வார்.

அந்தப் பிள்ளைகள் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊரில் கொஞ்சம் வசதி வந்த வீடுகள் எல்லாம் பிள்ளைகளை மஞ்சள் வேனில் ஏற்றி டவுன் பள்ளிக்கு அனுப்பிவிட்டன. மிச்சம் இருந்தவர்கள் செங்கல் சூளையில் மண் மிதிப்பவர்களின் பிள்ளைகள், நூற்பாலை லைன் வீடுகளில் குடியிருக்கும் வடமாநிலத்துப் பிள்ளைகள், ஆடு மேய்க்க ஆள் இல்லாத நாளில் பள்ளியை மறந்துவிடும் பிள்ளைகள். இவர்களை வைத்துக்கொண்டு நூறு சதவீதத் தேர்ச்சி காட்டு என்றார்கள் மேலிடத்தில். சோறு போடாமல் குஸ்திக்கு அனுப்புகிற கதைதான்.

தலைமையாசிரியர் ஞானசேகரன் கெட்டவர் அல்லர். சென்ற ஆண்டு அந்தப் பள்ளி மாவட்டத்தில் கடைசியாக நின்றபோது, கூட்டத்தில் அவரை எல்லார் முன்னிலும் எழுப்பி நிற்கவைத்தார்கள். அந்த அவமானம் அவரை அரித்துக்கொண்டே இருந்தது. இந்த ஆண்டு காலாண்டுத் தேர்வு முடிந்ததும், தேறமாட்டார்கள் என்று பட்ட பிள்ளைகளின் பெற்றோரை அழைத்து, நயமாகப் பேசி, மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பினார். பொதுத்தேர்வு எழுதாதவர்கள் கணக்கில் வரமாட்டார்கள் அல்லவா? அப்படிப் போனவர்களில் சூளைக்காரர் மகள் கோபிகாவும் ஒருத்தி. அவளுக்குக் கணக்கு வராது. ஆனால் காலை வழிபாட்டில் அவள் பாடினால்தான் கூட்டம் அடங்கும். பள்ளியை விட்டால் நூற்பாலை விடுதிதான் என்று புரோக்கர் வந்து பேசிவிட்டும் போயிருந்தான்.

அம்மையார் தலைமையாசிரியர் அறை வாசலில் போய் நின்றார்.

"சாருங்க, அந்தப் புள்ளைங்க எழுதட்டுமுங்க. ஃபெயிலானா ஆகிட்டுப் போவுது. எழுதாமயே அனுப்பிட்டா மறுக்கா இந்தப் பக்கம் வருமுங்களா?"

"நான் மட்டும் ஆசப்பட்டா பண்றேன்? இதெல்லாம் உங்களுக்குப் புரியாது மாராத்தாக்கா. போய் வேலையப் பாருங்க."

மனிதரிடம் கேட்டு ஆகாததை அம்மனிடம் கேட்கப் போனார். அந்த ஊரில் அம்மன் சிரசில் பூ வைத்து வாக்குக் கேட்பது வழக்கம். பூ வலப்பக்கம் விழுந்தால் அம்மன் சம்மதித்தாள் என்று பொருள். பூசாரி பூவை வைத்தார். அது அசையவே இல்லை. வெயில் உச்சிக்கு ஏறும்வரை அம்மையார் கைகூப்பி நின்றார்.

"ஆத்தாளுக்கு வேற சோலி இல்லியா? யாரு பாஸு, யாரு ஃபெயிலுன்னா பாத்துட்டு இருப்பா?" என்றார் பூசாரி. கூட்டம் சிரித்தது.

"கேக்கறது எம்பட வேலைங்க. குடுக்கறது அவ இஷ்டம்" என்றார் அம்மையார்.

கோபிகாவை ஏற்றிய நூற்பாலை வண்டி பள்ளி வழியாகத்தான் போனது. அவள் கையசைத்தாள். துடைப்பத்தைப் பிடித்திருந்த அம்மையாரால் கையைத் தூக்க முடியவில்லை. அன்று முழுவதும் அழுதார். ஆனால் வெள்ளிக்கிழமை கட்டிய மாலையில் ஒரு பூவும் குறையவில்லை. "போன புள்ளைங்களுக்கும் எதுக்குக்கா பூ? அதுக பேர அடிச்சாச்சே" என்றார் ஓர் ஆசிரியை. "எனக்கு அடிக்கத் தெரியாதுங்க டீச்சர்" என்றார்.

கோடையில் முடிவு வந்தது. நூறு சதவீதம். பேனர் கட்டி, வெடி வெடித்து, தலைமையாசிரியருக்குக் கோயிலில் முதல் மரியாதை என்று ஊர் கூடி முடிவு செய்தது. பரிவட்டம் கட்டுமுன் அம்மனிடம் பூக்கேட்க வேண்டும். கடைப் பூ வாக்குக்கு ஆகாது என்பதால், ரோஜா மாலையை ஒதுக்கிவிட்டு அம்மையார் கொண்டுவந்த அரளி மாலையைச் சிரசில் வைத்தார் பூசாரி.

தலைமையாசிரியர் பேரைச் சொன்னார்கள். மாலை அசையவில்லை. ஊர்ப் பெரியவர்கள் பேரை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். அப்படியே இருந்தது. நேரம் ஆக ஆகக் கூட்டத்துக்குச் சலிப்புத் தட்டியது. "கக்கூஸ் கழுவற மாராத்தாளுக்கான்னு கேளுங்க" என்று ஒருவர் நக்கலாகச் சொன்னார். சொல்லி வாய் மூடவில்லை, மாலை வலப்பக்கம் நழுவி விழுந்தது.

பூசாரி பரிவட்டத்தை எடுத்துக்கொண்டு வெளிவாசலுக்கு வந்தார். அம்மையார் பின்னால் நகர்ந்தார். கண்ணீர் பெருகிற்று.

"எனக்கெதுக்கு ஆத்தா இது? அன்னிக்கு அந்தப் புள்ளைங்களுக்கு விழுந்திருக்கலாமே."

ஞானசேகரன் அந்த மாலையைக் கையில் ஏந்தி வந்தார். "இதுல எதுக்கா கோபிகா?" என்று கேட்டார். அம்மையார் ஒரு பூவைத் தொட்டுக் காட்டினார்.

மறுநாளே ஞானசேகரன் நூற்பாலை விடுதிக்குப் போனார். ஒப்பந்தக் காலம் முடியாமல் பெண்ணை அனுப்ப முடியாது என்று வாசலோடு திருப்பிவிட்டார்கள். அதன்பின் அவர் எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு அனுப்பவில்லை. அடுத்த ஆண்டு பள்ளி மறுபடியும் கடைசியில் நின்றது. அவரை எங்கோ மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர் காலாண்டுத் தேர்வு முடியக் காத்திருந்தார்.

தேறிப் போகும் பிள்ளைகளின் பூக்களை அம்மையார் அவ்வப்போது விடைகொடுத்து எடுத்துவிடுவார். அனுப்பப்பட்டவர்களின் பூக்களை எடுப்பதில்லை. முழம் தேறாத அந்த மாலை இப்போது அம்மனின் பாதத்தைத் தொடுகிறது. எல்லாரும் அடித்துவிட்ட பேர்களை வெள்ளிதோறும் சொல்லிவரும் மாராத்தாள் அம்மையாரின் அடிகளை நாமும் வணங்குவோம்.